கறுப்புக் குடைக்கு முன்னால் தெரிந்தவர்கள்

டிராயிங் மாஸ்டர் சபாபதி இறந்த செய்தி எனக்கு மூன்று நாள் கழித்து, ஒரு பஸ் கண்டக்டர் வாயால் வந்தது. வேறு வேலையாகப் பென்னாகரம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். சீட்டைக் கிழித்துக்கொண்டே அவர் சொன்னார்: "எடுக்கறப்ப உங்களக் காணோமேன்னு பேசிக்கிட்டாங்க சார்."

"யாரை எடுக்கறப்ப?"

"அட, உங்க டிராயிங் மாஸ்டரு போயிட்டாருங்களே! தெரியாதுங்களா?"

பத்தொன்பது வருஷம் தர்மபுரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் நாங்கள். எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைவிட இளையவரைத் தலைமை ஆசிரியராக்கியபோதும் நான் நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரங்கல் கட்டுரையில் இதையெல்லாம் எழுதக் கூடாது என்பார்கள். சபாபதி இருந்தால், "எழுதுப்பா, வயித்துல வெச்சுக்கிட்டுப் புழுங்காத" என்றிருப்பார்.

அவரிடம் படித்தவர்களுக்கு, ஒரே கோட்டில் அவர் கரும்பலகையில் போடும் பூசணிக்காய் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது ஒரு மரப்பெட்டி.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் சேலத்தில் அவருடைய தாய்மாமன் காலமானார். பிள்ளையில்லாதவர். தாது வருஷப் பஞ்சத்தின்போது, பதினாறு வயதில், ஒரு வெள்ளைக்காரப் போட்டோக்காரருக்குக் காமிராப் பெட்டி சுமந்தவர். அந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன பதினோரு கண்ணாடித் தகடுகள் அறுபது வருஷம் பரணில் கிடந்து மருமகனிடம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றோடும் மாமாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அதில் ஊரும் பெயரும்.

தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். சபாபதி தன் குடையை விரித்து, அந்தக் கறுப்புத் துணிக்கு முன்னால் தகட்டைச் சற்றுச் சாய்த்தார். ஆட்கள் வந்துவிட்டார்கள். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. ஒரு தகட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. தானாக உட்கார முடியாத அதைத் துணித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்திருந்தது.

"அது மாமா கை," என்றார் சபாபதி. "கடைசியா அவரு சொன்னது என்ன தெரியுமா? 'படம் எடுக்கறப்ப எல்லாரும் ஆடிருவாங்கடா, கெட்டுப்போயிரும். இவங்க ஆடல. ஆடறதுக்குத் தெம்பில்ல. அதான் இத்தன சுத்தமா விழுந்திருக்குது.'"

நான் சரித்திர ஆசிரியன். பதினொன்றையும் போட்டு ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அவர் சம்மதிக்கவில்லை. "கேக்காம எடுத்தாச்சு. கேக்காம அச்சுலயும் போடறதா? பேரு இருக்குது, ஊரு இருக்குது. வூட்டு ஆளுங்களக் கேட்டுட்டு வரலாம், வா."

முதலில் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் வீடு. அவருடைய பாட்டனார் கஞ்சித் தொட்டி வரிசையில் தகரக் குவளையோடு நிற்கும் படம் அது. நாங்கள் போன அன்று அங்கே பெண் பார்க்க வந்திருந்தார்கள். இன்னொரு நாள் வரலாம் என்று சபாபதி என் கையைப் பிடித்து இழுத்தார். கூடத்தில் அத்தனை பேரைப் பார்த்ததும் எனக்குப் பேச வேண்டும் போலிருந்தது. குடையை விரித்தவன் நான். சீட்டிலிருந்த பெயரை உரக்கப் படித்தவனும் நான்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பெரிய பண்ணையம்னு சொன்னாங்க. பாட்டன் குவளையில்ல ஏந்தியிருக்காரு!"

வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். பண்ணைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வாத்தியாருங்களே, அந்தப் பஞ்சத்துல உங்க பாட்டன் என்னத்தத் தின்னாருங்க? அந்தப் படம் எங்க?"

நான் குடையை மடக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் சபாபதி வீட்டுக்கு வந்து, அந்தத் தகட்டை அழிக்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சபாபதி வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, அவர் கண் முன்னாலேயே தகட்டைத் தேய்த்துக் கழுவினார். "சரித்திரத்தையே கழுவிட்டியே" என்று நான் கத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கழுவுனது நானு. காட்டிக் குடுத்தது நீ."

அது உண்மை என்பதால் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசியபோதும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. உடம்பு கெட்டு அவர் பென்னாகரத்துக்கே போய்விட்ட பின், நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடட்டும் என்றிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள், சபாபதி சொல்லிவைத்திருந்தபடி, அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. சுமந்து வந்தவர் வத்தல்மலைக்காரர், சின்னான் என்று பேர். அவர் சொல்லித்தான், சபாபதி என்னை விட்டுவிட்டுத் தனியாக ஊர் ஊராகப் போனது தெரிந்தது. பல சீட்டுகளில் இருந்த வீடுகள் பஞ்சத்தோடு பூண்டற்றுப் போயிருந்தன. சில ஊர்களே இல்லை. ஆள் கிடைத்தது இன்னும் ஒரு சீட்டுக்குத்தான். அந்தக் குழந்தை சின்னானுடைய அப்பனின் அக்கா. சபாபதி தகட்டுக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்துச் சட்டம் போட்டு, மலையேறிப் போய்க் கொடுத்திருக்கிறார்.

"பொங்கலுக்கு மொத நாளு செத்தவங்களுக்குப் படைப்பமுங்க சாமி," என்றார் சின்னான். "அத்தைக்குக் களியும் கீரையும் வெக்கறம். அந்தக் கைக்காரருக்கும் ஒரு உருண்டை."

"அவருக்கு எதற்கு?"

"புள்ள உழுந்துடாம புடிச்சிருக்காருங்களே."

படம் கெடாமலிருக்கத்தான் அந்தக் கை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

படியிறங்கும்போது அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மிச்சம் இருக்கறவங்களுக்கு யாருங்க சாமி வெக்கறாங்க?"

பெட்டிக்குள் எனக்கென்று ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. ஒன்பது தகடுகள் இருந்தன. பத்தாவது இடத்தில் கழுவின கண்ணாடி. அதன் சீட்டையும் சபாபதி தூக்கியெறியவில்லை.

விஷயம் தெரிந்த நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள். சென்னை மியூசியத்துக்கு அனுப்பு என்கிறார் ஒருவர். ஒகேனக்கல்லில் விட்டுவிடு என்கிறார் இன்னொருவர். இனி யார் தடுக்கப்போகிறார்கள், புத்தகம் போடு என்கிறார்கள். எட்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது இப்போது என் கையில் இருக்கிறது. சம்மதம் கேட்க ஒருவரும் மிச்சமில்லை. இரண்டு முறை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்ப் பெயருக்கு மேல் ஒரு வார்த்தை ஓடவில்லை.

சபாபதியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: பத்துக் கண்ணாடிகளும், சின்னான் விட்டுப்போன கேள்வியும். பெட்டியை முன்னறை மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாப்பிட உட்காரும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன்.