நாங்கள் அல்ல, நாம்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில், பக்கத்து வீட்டு மேரி தன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்திருந்தாள். நான் கோயிலுக்குப் போகிறவள். ஹாலில் உட்காரக் கூச்சப்பட்டுச் சமையலறையில் பாயசம் கிளறிக்கொண்டிருந்தேன்.

இங்கேயே பிறந்த அவள் மகள், ஊதாரி மகன் வீடு திரும்பிய பைபிள் கதையைத் தமிழில் சொன்னாள். தம்பிக்காக வைத்த விருந்துக்கு வராமல் வாசலில் முறுக்கிக்கொண்டு நின்ற அண்ணனிடம் அப்பா, "நாங்க ஹேப்பியா இருக்கோம், உள்ள வா" என்றாராம்.

மேரி சிரித்துவிட்டாள். "'நாங்க'ன்னா அவன் வெளியவேதான்டி நிப்பான்! 'நாம ஹேப்பியா இருக்கலாம்'னு சொல்லு."

குழந்தை சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நாம சாப்பிடலாமா?"

அந்த அண்ணன் இத்தனை நேரம் எனக்குள்தான் நின்றிருக்கிறான். கரண்டியும் கையுமாக ஹாலுக்குப் போனேன். முறுக்கெல்லாம் விட்டு அவனும் கூடவே வந்தான்.