எந்தக் கம்பிங்க?

ஹெட்போன்ல காதை மூடுற புது இயர்பேடோட தோல் வாசமும், கீழேயிருந்து ஏறி வர்ற கூலன்ட் ஆயில் வாசமும்...

ரெண்டும் கலந்து மூக்குல ஏறினா எனக்கு இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான்.

கோயமுத்தூர் கணபதியில கார்த்தி வீடு. கீழே அவங்க அப்பாவோட லேத் பட்டறை, மேலே மாடி ரூம். வாரம் பூரா அந்தத் தெருவுல சாதாரணமா பேசறதுக்கே கத்தணும். ஞாயித்துக்கிழமை மட்டும் மிஷின் எல்லாம் நிக்கும். அதனால எங்க ஹெட்போன் சபை கூடுறது அன்னைக்குத்தான்.

சபைன்னா மூணே பேரு. கார்த்தி, நான், அமல்ராஜ். நான் பீளமேட்டுல ஐடி வேலை. அமல் பெருந்துறைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். வாரம் பூரா மில் குவார்ட்டர்ஸ், சனிக்கிழமை ஊருக்கு வந்துருவான். ஞாயிறு காலைல சர்ச் கொயர்ல பாடிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடவே மாடியேறி வருவான்.

மூணு பேரும் ஒரே வயசுதான். ஆனா அமலுக்கு 'ங்க' போடாம பேச வராது. தெரு நாயைக்கூட "அந்தப் பக்கம் போங்க சாமி"ன்னுதான் தொரத்துவான்!

கார்த்தி அவன் மாமாகிட்ட சொல்லி வெளிநாட்டுல இருந்து ஒரு ஹெட்போன் வரவழைச்சிருந்தான். பின்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும். விலையை அவங்க அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. என்னோடது பின்னாடி மூடின ரகம், சுமாரான விலை. இது ரெண்டுல எது உசத்தின்னு வாராவாரம் சண்டை. குரல் எங்க நிக்குது, வயலின் எந்தப் பக்கம், பேஸ் வீங்குதா... பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இருக்காது.

டெஸ்ட் பண்றதுக்கு ஒரே பாட்டு. அமலோட கொயர் கிறிஸ்மஸுக்குப் பாடினது, பதிவு பண்ணி வெச்சிருந்தோம். கடைசி வரி முடிஞ்சு எல்லாரும் மூச்சு விடுற நேரத்துல டிரையாங்கிள்ல ஒரே ஒரு தட்டு. முக்கோணமா வளைச்ச கம்பி, அவ்வளவுதான். தட்டினது நம்ம அமல்தான். என் ஹெட்போன்ல 'டிங்'குன்னு கேட்டு உடனே செத்துரும். கார்த்தியோடதுல அது இழைஞ்சு இழைஞ்சு... எங்க முடிஞ்சுதுன்னே தெரியாது. வெளிய ஒத்துக்க மாட்டேன், ஆனா கேக்குறப்ப எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒரு நாள் அமல் கண்ணைத் துண்டால கட்டிட்டு, ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டிவிட்டோம்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

கார்த்தி மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு ஏகக் கொண்டாட்டம்.

"டேய், மரியாதைக்குச் சொல்லாத. அந்தக் கம்பிச் சத்தம் எதுல நல்லா நிக்குது?"

"எந்தக் கம்பிங்க?"

"நீ அடிச்ச கம்பிதான்டா!"

விழுந்து விழுந்து சிரிச்சோம். கண்ணைக் கட்டினபடியே அவனும் சிரிச்சான். "ரெண்டுலயும் நல்லாத்தானுங்க இருக்குது"ன்னான். ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதுன்னு மழுப்புறான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அதுக்கப்புறம் அவன் பேரே 'எந்தக் கம்பிங்க' ஆயிருச்சு.

அவன் மழுப்பலை. அவனுக்கு நிஜமாவே கேக்கலை.

எல்லாம் அவன் டாக்டர்கிட்ட போனப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. மில்லுல காதுக்கு வைக்க அடைப்பான் குடுத்திருந்தாங்க. வெச்சா யாராவது கூப்பிடறது கேக்காதுன்னு பாக்கெட்லயே வெச்சிருந்திருக்கான். அந்த இரைச்சல்ல மொதல்ல போறது இந்த மாதிரி மெல்லிசான சத்தமாம். கொயர்லயும் அவன் சுருதி விலகுறது மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நடத்துறவரு ஒரு வார்த்தை சொல்லலை... மைக்கை மட்டும் அவன்கிட்ட இருந்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வெச்சிருக்கார். அமலும், 'இன்னொருக்கா சொல்லுங்க'ன்னு கேட்டா எதிர்ல இருக்கறவங்களுக்குச் சங்கடமாகுமேன்னு, கேக்காததுக்கெல்லாம் தலையாட்டியே ஓட்டியிருக்கான்.

எங்க ஊர் மரியாதை இருக்குதே... ஒருத்தனுக்குக் காது போற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலைங்க.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மிச்சத்தையாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க. போனது போனதுதானாமா. பரவால்லீங்க"ன்னு எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்தப் 'பரவால்லீங்க'வைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேலன்னுதான் தெரியலை.

இப்ப கார்த்தி பட்டறையில ஞாயித்துக்கிழமையும் மிஷின் ஓடுது. அவனுக்கு நேரமில்லை, அந்த ஹெட்போனை என்கிட்டயே குடுத்துட்டான். அமலுக்கு மில் ஸ்டோர்ஸுக்கு மாத்தல், ரெண்டு காதுலயும் கேக்கறதுக்கு மிஷின். கொயரை விட்டுட்டான். சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறானாம்.

போன கிறிஸ்மஸுக்கு என் வீட்டுக்குக் கேக் கொண்டாந்தான். அவனேதான் கேட்டான். "அந்தப் பாட்டு இன்னும் இருக்குதுங்களா?"

காதுல இருந்த ரெண்டையும் கழட்டிக் கர்ச்சீப்ல பத்திரமா வெச்சான். கார்த்தியோட ஹெட்போனை மாட்டி, ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக் குனிஞ்சுக்கிட்டான். வால்யூமை ஏத்தினேன். எது அவனுக்குக் கேட்டுச்சோ தெரியலை. ஆனா உதடு அசைஞ்சுது, பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே.

பின்பக்கம் திறந்த ஹெட்போன்... சத்தம் வெளிய ஒழுகும். கடைசி வரி முடிஞ்சுது. அந்தக் கம்பிச் சத்தம், எதிர்ல உக்காந்திருந்த எனக்கு இழைஞ்சு இழைஞ்சு கேட்டுச்சு.

அமல் இன்னும் காத்திருந்தான். குனிஞ்ச தலை நிமிரவே இல்லை. பாட்டு நின்னு ரொம்ப நேரம் கழிச்சு என்னைப் பாத்து, அளவு தெரியாம சத்தமாக் கேட்டான்.

"அடிச்சுட்டேனுங்களா?"

அடிச்சுட்டடான்னு தலையாட்டினேன்.