தொட்டிக்குள் வந்த கை

கொழும்பு வெள்ளவத்தையில் கடல்மீன் வளர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று போர்க்காலத்தில் எனக்கு ஒரு நினைப்பு. இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் என் இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் சொல் கேட்கவில்லை. அவை குடியிருக்கவென்றே, பூப்போல விரிந்து கிடக்கும் அனிமோன் என்ற கடலுயிர் ஒன்றைத் தொட்டியில் விட்டிருந்தேன். அவையோ வாரக்கணக்காகப் பம்ப் மூலையை விட்டு அசையவில்லை. லைட்டைக் குறைத்தேன், இறால் துண்டை அனிமோன் பக்கமாகவே போட்டேன். பலனில்லை.

ஒரு நாள் காலை எங்கள் ஒழுங்கையில் இராணுவச் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. வழக்கம்போல் கணவர் கதவைத் திறக்க, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அலுமாரியைக் கிண்டிப் பார்த்த இளம் சிப்பாய், தொட்டி மணலுக்குள்ளும் ஏதோ புதைந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கைவிட்டான்.

“மல்லி, எப்பா! தம்பி, வேண்டாம், கை வைக்காதேங்கோ!” சிங்களமும் தமிழும் கலந்து கத்திவிட்டேன்.

“ஐயோ, வாயை மூடிக்கொண்டு நில்லும்,” என்றார் கணவர்.

அந்தக் கைக்குப் பயந்து இரண்டு மீன்களும் பாய்ந்துபோய் அனிமோனுக்குள் புகுந்தன.

“பாருங்கோ, உள்ள போயிட்டுதுகள்!” நான் தொட்டியடிக்கு ஓடினேன். சிப்பாயும் குனிந்து பார்த்தான். ஈரம் சொட்டிய அவன் கைக்கு, விருந்தினருக்கென்று வைத்திருந்த துவாயை நீட்டினேன். துடைத்துவிட்டு மடித்துத் தந்தான்.

அதன்பிறகு மீன்கள் அனிமோனை விட்டுப் பிரியவேயில்லை. பயம் அவற்றுக்கு ஒளியும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. என் பயம் எங்கே போனதென்று நான் தேடவில்லை. அடுத்த சுற்றிவளைப்பில் கதவு தட்டப்பட்டபோது, “நீங்கள் நில்லுங்கோ,” என்று கணவரிடம் சொல்லிவிட்டு நானே போய்த் திறந்தேன்.