ஒரு மடை, ரெண்டு பிள்ளை

அடுத்தவரை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, அப்புறம் பாத்ரூம் பக்கம் போகவிடாமல் காவல் காப்பதற்கும் ஒரு உத்தியோகம் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு என்று சொன்னபோது எங்கள் வீட்டிலேயே ஒருத்தரும் நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில், கே.கே. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் ரூம் நர்சாக இருந்தேன். மிஷின் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் வயிற்றுப் பிள்ளை அதில் ஒழுங்காகத் தெரியும். நிரப்பும் பொறுப்பு என்னுடையது. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களிடம் ஒன்றைச் சொல்லி, அவர்கள் வேறொன்றைச் செய்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவரா நீங்கள்? ரேஷன் கடையோ, பேங்கோ, தபாலாபீசோ, எதுவானாலும் சரி. நாம் ஒரே கட்சி.

குடிங்க

வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய டவுனிலிருந்து ஒரு பாய் தன் மருமகளை அழைத்து வந்தார். கூடவே அவர் சம்சாரம், மகன், மகள் என்று மொத்த வீடும் வந்திருந்தது. நான் மண்பானையைக் காட்டி, “வயிறு நிறையக் குடிங்க. குடிச்சிட்டு பாத்ரூம் போகாம இப்படியே உட்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தால் பானை காலி. ஐந்து பேரும் பெஞ்சில் வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாய்க்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. “ஐயோ, நீங்க ஏன் பாய் குடிச்சீங்க?” என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம். “நீங்க ‘குடிங்க’ன்னு மரியாதையாச் சொன்னீங்க, நாங்களும் மரியாதையாக் குடிச்சோம். அவளுக்கு மட்டும்னா ‘குடிம்மா’ன்னுல்ல சொல்லியிருக்கணும்?”

ஆன்டெனா

பாண்டியம்மாள் வந்தது அடுத்த வருஷம். நாகமலை புதுக்கோட்டையில் வாக்கப்பட்டவள். கணவர் தவமணி அங்கே ஒரு ஆபீசில் கிளார்க். அவளுக்குத் தலைப்பிரசவம். ஐந்தாம் மாசத்துக்கே வயிறு எட்டு மாசம் போல இருந்ததால் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். துணைக்கு மாமியார் வந்திருந்தார். நல்ல மனுஷி. மருமகளை ஒரு சொல் சொல்லமாட்டார். மிஷினைத்தான் நம்பமாட்டார்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டி, “பாருங்க, இது ஒரு தலை. இந்தா, இது இன்னொரு தலை. ரெட்டைப் பிள்ளை” என்றார். பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் மட்டும் கண்ணைச் சுருக்கித் திரையை ஒரு பார்வை, டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். கருப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக இருக்கிற படத்தைப் பார்த்து நானே பல நாள் ஒன்றும் புரியாமல் நின்றிருக்கிறேன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் டாக்டருக்குத் தைரியம் சொல்கிற குரலில் சொன்னார்: “ரெண்டெல்லாம் இருக்காதும்மா. எங்க வீட்டுலயும் சிலோன் டி.வி. போட்டா ஒவ்வொரு ஆளும் ரெண்டு ஆளாத்தான் தெரியும். மாடியில ஏறி ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க.”

யார் வச்சது?

மறுநாள் தவமணி தனியாக வந்தார். டாக்டர் அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஒரே கரு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிள்ளைகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அது சந்தோஷம்தான். ஆனால் தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் இவ்வளவு கவலை இல்லை, இங்கே இரண்டுக்கும் பொதுவில் ஒன்றே ஒன்றுதான். அதன் வழியாக ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடலாம். கொடுக்கிற பிள்ளை வாடிப்போகும், வாங்குகிற பிள்ளை ஊதிப்போகும், கவனிக்காமல் விட்டால் இரண்டுமே போய்விடும். அதனால் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பண்ணியே ஆக வேண்டும்.

இவ்வளவும் சொன்னார். ஆனால் ஆரம்பத்தில், “ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சு, அதான் பயம்” என்று ஒரு வாக்கியம் சொல்லித் தொலைத்தார். ஊரில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் பிரசவத்துக்கு அப்புறம் விழுகிற நஞ்சு என்று சொல்லிவிடுவாள். தவமணி ஆம்பளை, அதுவும் படித்த ஆம்பளை. அந்த முதல் வாக்கியத்தோடு அவர் காது அடைத்துவிட்டது. முகம் வெளிறி, மேஜையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நஞ்சா? யாரு டாக்டர் வச்சது? எனக்கு எங்க சின்னம்மா மேலதான் சந்தேகம்.”

அஷ்டமி

ரெண்டு வாரம் ஆனது, ஆளைக் காணோம். அடுத்த வாரம்தான் வந்தார்கள். டாக்டர் முறைத்தார். நான் கத்தியே விட்டேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. “சொன்ன நாளைக்கு வாரதுக்கு என்ன? அங்க ஒரு பிள்ளை வாடிக்கிட்டுக் கிடந்தா யாருக்குத் தெரியும்?”

விசாரித்தால், முதல் ஸ்கேன் எடுத்த நாள் அஷ்டமி. வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வளர்பிறையில் ஒரு அஷ்டமி, தேய்பிறையில் ஒரு அஷ்டமி. ரெண்டு வாரக் கணக்கும் அதுவும் கையைக் கோத்துக்கொண்டு நடக்கின்றன. ஒரு நாள் தள்ளிப் போனால் நவமி. மாமியார் என்னிடம் நிஜமாகவே மனத்தாங்கலோடு கேட்டார்: “நீங்களும் அஷ்டமியும் பேசி வச்சுக்கிட்டு வாரீகளா சிஸ்டர்?”

படுத்துக் குடித்த தண்ணீர்

அதோடு கவுன்டர் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டி, தசமிக்குத் தசமி வரச் சொன்னேன். ஒரு தசமிகூடத் தப்பாமல் வந்தார்கள். பிள்ளைகளுக்கும் ஸ்கேன் ரூமில் பேர் வந்துவிட்டது, பெருசு, சின்னது என்று. ஆறாம் மாசக் கடைசியில் டாக்டர் பயந்தது ஆரம்பித்தது. பெருசைச் சுற்றித் தண்ணீர் ஏகத்துக்கு, சின்னதைச் சுற்றி அதில் பாதிகூட இல்லை. “சின்னதுக்குத் தண்ணி கம்மியா இருக்கு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு” என்று அனுப்பினார்.

அடுத்த தசமிக்குப் பாண்டியம்மாள் இருமிக்கொண்டே வந்தாள். ஜாக்கெட் தோளெல்லாம் ஈரம். என்னடி இது என்று கேட்டால், கிளம்பும்போது தண்ணீர் குடித்தாளாம், அதுவும் படுத்துக்கொண்டு. நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. “சின்னது இடது பக்கந்தான இருக்கு சிஸ்டர்? நிமிந்து குடிச்சா பெருசே பூராத்தையும் வாங்கிருது. அதான் இம்புட்டு நாளும் அது பக்கமாச் சாஞ்சே குடிக்கிறேன். இன்னைக்கு மூக்குல ஏறிருச்சு.”

அம்மா வீடு

ஏழாம் மாசம் அவளைப் பெத்த அய்யா ஒரு தார் வாழைப்பழத்தோடு கவுன்டருக்கு வந்தார். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், பஸ் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று வருகிற ஊர். “வளைகாப்பு வச்சிருக்கோம் தாயி. தலைப்பிரசவம், எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். இனிமே இங்க வரமாட்டா. சொல்லாமப் போனா நல்லாருக்காதுல்ல?” என்றார். இப்படி மரியாதையாக வந்து தலையில் கல்லைப் போடுகிறவர்களை என்ன செய்வது? அவரைக் கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை நஞ்சு என்ற சொல்லை ஜாக்கிரதையாகத் தாண்டிப் போனார். பாதியில் அய்யா கையைக் காட்டி நிறுத்தி, “ஒரே மடையில ரெண்டு வயலுன்னு சொல்லுங்க. மேல்வயக்காரன் பூராத்தண்ணியும் இழுத்துக்கிருதான்” என்றார். ஆமாம் என்றார் டாக்டர். “அப்ப மடையை அடைச்சு முறை வச்சு விடுங்க. அதுக்குத்தான இம்புட்டுப் பெரிய மிஷினு?” டாக்டர் தலையாட்டினார். “மிஷின் எதையும் அடைக்காதுய்யா. பாக்க மட்டுந்தான் செய்யும்.” அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் செய்யாத மிஷினுக்கு எதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மகளைக் காட்ட வேண்டும் என்று ஒரு பாட்டம் சண்டை போட்டார். காய்கிற சமயம் பார்த்துப் பிள்ளையை வெளியே எடுத்துவிடலாம், பார்க்காமல் இருந்தால் அந்தச் சமயம் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாழைத்தார் கவுன்டரிலேயே கிடந்தது. எனக்கு ஒரு பழம்கூட இறங்கவில்லை.

தசமி வந்தது. மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. பாண்டியம்மாள்தான், இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், பின்னால் அவள் அம்மா. வளைகாப்பு முடிந்து கிளம்பியவள் பிள்ளை பெறாமல் புருஷன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். அதற்கு அய்யா ஒரு வழி பண்ணியிருக்கிறார். பழங்காநத்தத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஸ்டவ், பாய், சம்சாரம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவர் ஊரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறார். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “சொல்லத்தான் செஞ்சாக. அம்மா வீடுன்னா அம்மா இருக்கிற வீடுதான, அது எங்கன இருந்தா என்னன்னு இவ அய்யா கேட்டாக.”

எட்டு

எட்டாம் மாசம் பாதியில் ஒரு தசமி. டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். சின்னதைச் சுற்றித் தண்ணீரே இல்லை. ஒரு ஓரத்தில் ஒட்டினாற்போல அசையாமல் கிடந்தது. நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. “இன்னைக்கே எடுத்துறணும். விட்டா சின்னது இருக்காது” என்றார்.

அன்றைக்குத் தவமணியும் மாமியாரும்கூட வந்திருந்தார்கள், வெளியே பெஞ்சில் பஞ்சாயத்து கூடிவிட்டது. ஏழாம் மாசத்தில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது, ஒன்பது பிறக்கட்டும் என்று மாமியார் அழுதார். சம்பந்தியம்மாவும் அதையேதான் சொன்னார். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். தவமணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாண்டியம்மாள் ஸ்கேன் கட்டிலில் இருந்து தானே இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அதுவரை அவள் பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “ஒண்ண மட்டும் பெத்துக்கிறதுக்கா அத்தை இத்தனை தடவை பஸ்ஸேறி வந்தேன்? எடுக்கச் சொல்லுங்க.”

சத்தம்

ஆள் பற்றாததால் என்னையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டிருந்தது, பாண்டியம்மாள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் தலைமாட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் பிள்ளைகள். முதலில் வந்தது செக்கச்செவேல் என்று தளதளவென்று வந்து ஊரைக் கூட்டியது. அடுத்து வந்தது வெள்ளையாக, ஒரு முழம்கூட இருக்காது, அவ்வளவுதான். அதைக் குழந்தை டாக்டர் மூலைக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தியேட்டர் பூராவும் அழுகைச் சத்தம். பொய் சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். “கேட்டியா, ரெண்டும் அழுகுது பாரு” என்றேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. “இல்ல சிஸ்டர். இது பெருசு” என்றாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை சத்தத்துக்கு நடுவில் எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்து, கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. அது சத்தம்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம். பாண்டியம்மாள் என் கையை விட்டுவிட்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். “ம், இப்ப வந்துட்டா.”

அந்த மிஷினோடு பத்து வருஷம் குப்பை கொட்டியதில் நான் கற்றுக்கொண்ட வைத்தியம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான், அதற்கும் நல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தது.