நாகலூர் மடிப்பும் என் வலது முழங்காலும்

புதன்கிழமை காலை ஏழரைக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், இருபத்தாறு ரூபாய். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கண்டக்டர் பார்த்தார்.

"கொத்து வேலைங்களா? எந்த எஸ்டேட்டுங்க?"

"படிக்கப் போறேங்க."

என் நரைத்த மீசையையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தவர், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

அவர் மேல் தப்பில்லை. ஐம்பத்தொரு வயதில் அலுவலக வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. நிலவியல் சேர்ந்தவன் நான். வகுப்பில் என் பெயர் அங்கிள். களப்பணிக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிந்தபோது எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு மிச்சமிருந்தது நான். அன்றைக்கு லீவு போட்டிருந்த ஷாகிதாவின் தலையில் என்னைக் கட்டினார்கள். சேலத்துப் பெண். ஏற்காட்டில் அவள் மாமா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவள் மாமா வீட்டில் தங்கினாள். நான் எழுநூறு ரூபாய் லாட்ஜில்.

எங்கள் வேலை எளிமையானது. இந்த மலையின் சார்னோகைட் பாறையில் மங்கலான வரிகள் ஓடும். அவை எந்தத் திசையில் ஓடுகின்றன என்று காம்பஸ் வைத்து அளந்து, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். கோடுகள் சேரச் சேர மலையின் உள்ளமைப்பு தெரியவரும். எனக்கு இது பரீட்சை மார்க். ஷாகிதாவுக்கு அதற்கும் மேல். "களத்துலருந்து உனக்குன்னு ஒரு கேள்வியோட வா, பிஎச்.டி.க்கு எடுத்துக்கறேன்" என்று பேராசிரியர் அவளிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அவர் மலைக்கு வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் வாழவந்தி ரோடு. சாலைக்காக வெட்டிய பாறைகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. "நீங்க காம்பஸ் பாருங்க அங்கிள், சுத்தியல நான் வெச்சுக்கறேன்" என்றாள் ஷாகிதா. என் வயதுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள் என்பதுதான் உண்மை. நின்றபடியே அளந்தேன். எல்லாம் வடகிழக்கில், ஐம்பது டிகிரியை ஒட்டி.

வியாழக்கிழமை நாகலூர். காப்பிச் செடிகளுக்கு நடுவே பாறைகள் படுத்த எருமைகள் மாதிரி தரையோடு கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்டி போட வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சின்னுசாமி குடையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங்க, கல்லு கல்லாக் கும்புட்டுட்டுப் போறீங்களே, எதாச்சும் வேண்டுதலுங்களா?"

"பாஸாகணுமுங்க."

"அப்ப இந்தக் கல்லு பத்தாதுங்க. இன்னும் பெருசாப் பாருங்க."

இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் திரும்பும் என்பது எங்கள் முதல் பாடம். அதனால் ஷாகிதாவையும் சுத்தியலையும் பத்தடி தள்ளியே நிற்க வைத்தேன். அந்த அளவுக்கு நான் ஒழுக்கமானவன்.

சாயங்காலம் மாமா கடையில் அரிசி மூட்டை மேல் வரைபடத்தை விரித்து அன்றைய கோடுகளைப் போட்டாள். பாதியில் பென்சில் நின்றது.

"அங்கிள், நேத்து அம்பது. இன்னைக்கு எம்பது, எம்பத்தஞ்சு. பாறை திரும்புதுங்க. மடிப்பு!"

துணியை மடித்தால் கோடுகள் வளைவது போல, பூமி ஒரு காலத்தில் இந்தப் பாறையை மடித்திருக்கிறது என்று அர்த்தம். எங்களிடமிருந்த எந்த வரைபடத்திலும் இந்த மடிப்பு இல்லை. பேராசிரியர் கேட்ட கேள்வி அவளுக்குக் கிடைத்துவிட்டது. மாமா ஆளுக்கொரு டீ சொன்னார். கண்டுபிடிப்பில் பாதிப் பெருமை எனக்கும் உண்டு என்று, யாரும் கேட்காதபோதே இரண்டு முறை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அதே நாகலூர்ப் பாறை. பேராசிரியரிடம் காட்ட, தானே அளப்பது போல ஒரு போட்டோ வேண்டும் என்றாள். சுத்தியலைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து காம்பஸை வைத்தவள் நிமிரவில்லை.

"அம்பத்திரண்டு காட்டுது."

"தள்ளும்மா" என்று நான் மண்டி போட்டேன். எண்பத்து மூன்று. அவள் வைத்தாள். ஐம்பத்திரண்டு. நான். எண்பத்து மூன்று.

"ஏனுங்க அங்கிள், உங்களக் கண்டாப் பாறையே திரும்பிக்குதா?"

சட்டென்று என் வலது முழங்கால் நினைவுக்கு வந்தது. பேன்ட்டை மெல்லச் சுருட்டினேன். மூட்டு வலிக்கு என்று பொருட்காட்சியில் என் மனைவி வாங்கிக் கொடுத்த காந்தப் பட்டை. பட்டையின் நான்கு பக்கமும் நான்கு காந்தங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் வெளியே தெரியக் கூடாது என்று பேன்ட்டுக்குள் கட்டியிருந்தேன்.

ஷாகிதா பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப மடிப்பு?"

"என் முழங்கால்ல இருக்கும்மா."

அவள் சிரிக்கவில்லை. நான் அடுத்து எடுத்துவைத்திருந்த ஜோக்கை விழுங்கிக்கொண்டேன். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டியவள் சொன்னாள்: "வாழவந்தில நின்னுட்டே அளந்தீங்க. காலு தூரத்துல இருந்துச்சு. இங்க மண்டி போட்டீங்க. அதான்." நோட்டை மூடினாள். "இது எனக்கு நொம்ப முக்கியம்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"கழட்டுங்க. இருட்டறதுக்குள்ள எல்லாக் கல்லையும் மறுபடி பாக்கணும்."

பட்டையை, அன்றும் வேடிக்கை பார்க்க வந்திருந்த ரைட்டரிடம் கொடுத்துவிட்டு, காந்தமில்லாத காலோடு அவள் பின்னால் நடந்தேன். அவள் எண் சொல்ல நான் எழுதினேன். ஐம்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. வலி மட்டும் அசல்.

சனிக்கிழமை பதினொன்றுக்குப் பேராசிரியர் வந்தார். ஜீப் பானெட்டில் ஷாகிதா வரைபடத்தை விரித்தாள். என் கோடுகள் சிவப்பில், அவளுடையவை நீலத்தில்.

"சிவப்புல ஒரு மடிப்பு தெரியுதே?"

"இல்லைங்க சார். அது அங்கிளோட முழங்காலுங்க."

நான் பேன்ட்டைத் தூக்கி விளக்கம் கொடுத்தேன். ஜீப் டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"அப்ப சிவப்ப அழிச்சிட்டு நீலத்த மட்டும் காட்டிருக்கலாமேம்மா?"

"சிவப்பும் நாங்க அளந்ததுதாங்களே, சார்."

வரைபடத்தை அவரே சுருட்டி அவள் கையில் கொடுத்தார். "ஜூன்ல விண்ணப்பம் போடு."

"எங்கிட்ட கேள்வி இல்லைங்களே, சார்."

"அத வந்து தேடிக்கலாம்."

மூன்று மணி பஸ்ஸில் மலையிறங்கினோம். என் ஊர் சமவெளி. அங்கே ரோடும் மனிதர்களும் போகிற திசை ஒரு மைலுக்கு முன்பே தெரிந்துவிடும். இங்கே கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் சேலம் ஒரு முறை இடது ஜன்னலில், ஒரு முறை வலது ஜன்னலில். ஷாகிதா காம்பஸை உள்ளங்கையில் திறந்து வைத்திருந்தாள். பஸ் அவ்வளவு சுற்றியும் முள் நடுங்கிக்கொண்டே வடக்கை விடாமல் பிடித்திருந்தது.

"பட்டை எங்கீங்க அங்கிள்?"

"பையில. பஸ்ஸுக்கு மேல கட்டியாச்சு."

"இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.