தங்குமறை வாசலில் மூன்று மணி நேரம்

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கார்த்திகை மாதம், நல்ல மழைக்காலம். நாங்கள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். எனக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் மனைவி மலையில் கொழுந்து எடுத்தாள். மூத்த மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

பிள்ளைகளே, நான் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு தப்பைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் அந்தத் தப்பு வரலாம்.

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் பலமில்லை. மழை தொடங்கினால் இழுப்பு வந்துவிடும். அந்த முறை பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். பிறகு கொழும்பில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி, நாள் குறித்து, ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னார்.

"காத்து மட்டும் படக் கூடாது, கேட்டியாம்மா? கம்பளிய எடுக்கவே எடுக்காத. இன்னொரு வாட்டி சளி கட்டுச்சுன்னா இந்தப் புள்ள தாங்காது."

ஆபீசுக்கும் அவர்தான் சொல்லியனுப்பினார். தோட்டத்து ஆபீசில் ரயில் வாரண்ட் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் சீட்டுத் தருவார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு நான் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தாமல் ஏதோ எழுதி, கிழித்து, ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஸ்டேஷன்ல குடு. ரெண்டு டிக்கெட் தருவாங்க, போகவும் வரவும். தொலைச்சிராத."

"சரிங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. இங்கிலீஷில் இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை, தமிழ் மட்டும் படித்தவன்.

ஆனால் அந்தத் தமிழில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எங்கே பலகையைக் கண்டாலும் வாய்விட்டுப் படிப்பேன். அன்றைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் அப்புத்தளைக்குப் போகும்போதும் வழிநெடுகப் படித்துக்கொண்டே வந்தேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது, வாய் தெரியும்.

"அந்த போர்டு போன வாரமும் அதையேதான் சொல்லுச்சு" என்றாள். லொறி டிரைவர் சிரித்துவிட்டான்.

ஸ்டேஷனில் வாரண்டைக் கொடுத்தேன். இரண்டு அட்டைச் சீட்டுகள் வந்தன. வழக்கமாக வாங்குகிற சீட்டின் நிறம் இல்லை. வாரண்டுக்கு இப்படித்தான் தருவார்களாக்கும் என்று நினைத்து, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அப்போதுதான் தெரிந்தது, பதுளைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறது, ரயில் வர நேரமாகும் என்று. எவ்வளவு நேரம் என்று கேட்கப் போனேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால், விட்ட இடத்தில் மனைவியும் பிள்ளையும் இல்லை.

அப்புத்தளையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைமுகட்டில் இருக்கிற ஊர். இரண்டு பக்கமும் பள்ளம். மழைக்காலத்தில் காற்று பிளாட்பாரத்தின் கூரைக்குள்ளேயே மழையைக் கொண்டுவந்து அடிக்கும். மூன்றாம் வகுப்புச் சனங்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். நான் அங்கே தேடினேன், இல்லை. பிறகு பார்த்தால், ரயில் வரும்வரை பயணிகள் காத்திருக்கிற தங்குமறைக்குள் இருக்கிறாள்.

கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் என் மனைவி உட்கார்ந்து, மடியில் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். எதிரில் பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் முதலாளியும் அவர் மனைவியும். தீபாவளிக்கு நாங்கள் துணி எடுப்பது அவர் கடையில்தான். அந்த அம்மா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி மூடியில் கொடுத்திருந்தார். என் மனைவி அதை ஊதி ஊதிப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு மேலே பலகை. மூன்று மொழியிலும் இருந்தது. தமிழைப் படித்தேன். முதலாம், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் யார் எங்கே நிற்கலாம் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. ஆபீஸ் என்றால் ஜன்னலுக்கு வெளியே. பங்களா என்றால் குசினி வாசல். துரை நடந்து வந்தால் ரோட்டை விட்டு இறங்கித் தண்ணீர் ஓடுகிற கானோரம். யாரும் சொல்லித் தராமலே பிறந்ததிலிருந்து கால் பழகிவிடும். எழுதாமலே இத்தனை என்றால், எழுதியே வைத்த இடத்துக்குள் என் பெண்டாட்டி போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"இந்தா, எந்திரிச்சு வா."

"ஏன்?"

"வான்னா வா. இது நம்ம இருக்கிற எடமில்ல."

"யாரு சொன்னா?"

"போர்டுல போட்டிருக்கு."

அவள் அசையவில்லை. "புள்ள இப்பத்தான் கண்ண மூடுது. யாராச்சும் வந்து போகச் சொல்லட்டும், போறேன்."

முதலாளியின் மனைவி என்னைப் பார்த்து, "புள்ளக்கி சொகமில்லயே, இரிக்கட்டும். நாங்க ஒண்டும் சொல்லல்லயே" என்றார்.

"இல்லீங்கம்மா. இவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாம உள்ள வந்துட்டா."

முதலாளி பேப்பரை மடித்து வைத்தார். "ஸ்டேசன் மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களே தம்பி. கேட்டா என்ன கொறஞ்சா போகும்?"

நான் கேட்கவில்லை. கேட்கப் போய், அந்த ஆள் எல்லார் முன்னாலும் வைது விரட்டினால் என்ன செய்வது என்று பயம். உள்ளே போய் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் அந்த அம்மாவிடம் மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை விழித்து அழுதது. வெளியே வந்தோம்.

மூன்று மணி நேரம். நின்ற இடத்தில் காற்று நேராக அடித்ததால், பிளாட்பாரத்துக் கடைசியில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், அவற்றின் மறைவில் உட்கார்ந்தோம். கொழும்புக்குப் போகிற மூட்டைகள். நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

"கோவாவுக்கு இருக்கிற மரியாத கூட நமக்கு இல்ல" என்றாள்.

என் சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டையும் கழற்றிக் கம்பளிக்கு மேலே சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் கம்பளியே ஈரமாகிவிட்டது. பிள்ளை முதலில் இருமியது, பிறகு இருமவும் மாட்டாமல் மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும்.

ரயில் வந்தது. வழக்கம்போலக் கடைசிப் பெட்டிகளை நோக்கி ஓடினோம். நிற்க இடமில்லாத கூட்டம். யாரோ ஒருவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுந்து என் மனைவிக்கு இடம் கொடுத்தார். ஆனால் அது ஜன்னலோரம், பலகை உடைந்த ஜன்னல். நான் என் முதுகை ஜன்னலுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல என்று ரயில் மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. பிள்ளையின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

அம்பேவெலை தாண்டிய பிறகு டிக்கெட் பரிசோதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. நான் கைக்குட்டையை அவிழ்த்துச் சீட்டுகளைக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"இது செக்கண்ட் கிளாஸ் டிக்கெட் எல்லோ. இதை வச்சுக்கொண்டு ஏன் இஞ்ச நிக்கிறியள்?"

மாற்றுச் சீட்டோடு பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "ஐயா, தெரியாமத் தப்பு நடந்துபோச்சு. ஆபீஸ்ல குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன். மன்னிச்சிருங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கிறோம்."

"என்னத்துக்கு இறங்கிறியள்? பிள்ளையைக் கொண்டு ஆஸ்பத்திரிக்கோ?"

"ஆமாங்க."

"தப்பு ஒண்டுமில்லை ஐயா. உங்களுக்கு முன்னுக்குச் சீற் இருக்கு. அதை விட்டிட்டு இஞ்ச வந்து நெரிபடுறியள். நானு ஓயாவில மாத்தி விடுறன், எழும்புங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"ஐயா, அப்ப அப்புத்தளை ஸ்டேஷன்ல அந்த ரூம்பு..."

"வெயிற்றிங் ரூமோ? உங்களுக்குத்தானே அது. அதுக்குள்ள இருக்கேல்லையோ?"

என் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்வாள், இந்தப் பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து, கம்பளியின் ஈரமில்லாத பக்கத்தைத் திருப்பிப் பிள்ளையின் தலையைச் சுற்றி மூடினாள்.

நானு ஓயாவில் ரயில் நின்றதும் அந்தப் பரிசோதகர் எங்கள் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கண்ணாடி ஜன்னல் போட்ட பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டு, ஒரு போத்தலில் வெந்நீரும் வாங்கி வந்து கொடுத்தார். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரிய கிளாக்கர் ஏன் இரண்டாம் வகுப்பு எழுதினார் என்று பிறகு தெரிந்தது. "குளிரில் கொண்டுபோக முடியாத பிள்ளை" என்று டிஸ்பென்சர் ஐயா சொல்லியிருக்கிறார். அதற்காகக் கிளாக்கர், உத்தியோகத்தர்மாருக்கு எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொழும்பில் நாள் குறித்த டாக்டரைப் பார்க்கும் முன்பே பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். முகத்தில் காற்றுக் குழாய் வைத்தார்கள். நிமோனியா என்றார்கள். இரண்டு நாள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் வந்து எங்களிடம், "இந்தக் கடிதத்தில தெளிவா எழுதியிருக்கே. பிள்ளையை எங்கயாவது குளிர்ல வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"ரயில் பிந்திருச்சுங்க மிஸ்" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் பிள்ளை பால் கேட்டது. பதினைந்து நாள் இருந்து, அந்தப் பெரிய டாக்டரையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் தங்குமறை பெரியது, வாசலில் ஓர் ஆளும் நின்றான். நான் சீட்டைக் காட்டி, "இதுக்கு உள்ள உக்காரலாமா?" என்று கேட்டேன். அவன் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு கேள்வி, ஒரு தலையாட்டல். அதற்குத்தான் நான் அவ்வளவு பயந்திருந்தேன்.

ஒருவேளை என் சீட்டு மூன்றாம் வகுப்பாகவே இருந்திருந்தால் என்று சில சமயம் யோசிப்பேன். சட்டப்படி இடமில்லைதான். ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் இருக்கட்டும் என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டிருந்தால் பிள்ளையைப் பார்த்து அவரும் அப்படியே சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்வது அவருடைய வேலை. அன்றைக்கு யாரும் கேட்காமலே அந்த வேலையை நான் செய்தேன், அதுவும் என் சொந்தப் பிள்ளைக்கு.

அந்தப் பிள்ளை இப்போது பண்டாரவளையில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் இருமுவாள்.

என் மனைவிக்கு நான் செய்த எல்லாத் தப்பும் மனப்பாடம். கல்யாணத்தன்று சட்டையை மாற்றிப் போட்டது முதல் போன வாரம் அரிசியில் கல் பார்க்காதது வரை சொல்லிக் காட்டுவாள். இதை மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, அது எங்கள் மற்றச் சண்டைகளோடு சேர்ந்து பழசாகிப் போயிருக்கும். சொல்லாததால் அது எனக்குள் அப்படியே கிடக்கிறது. இன்றைக்கும் எந்தக் கதவுக்கு முன்னால் நின்றாலும், கூச்சம் எவ்வளவு வந்தாலும், முதலில் கேட்டுவிடுகிறேன்.