புகை எந்தப் பக்கம் போகும்?

கட்டி முடித்த கட்டிடத்தைப் பார்த்து எல்லாரும் "அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அது சரி, வேலை செய்யுதா?" என்று கேட்டு அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதுதான் எங்கள் தொழில்.

பல்கலைக்கழகம் ஒரு ஆய்வகம் கட்டினாலும் சரி, விடுதி கட்டினாலும் சரி, வரைபடம் போடுகிற நாளிலிருந்து சாவி கைமாறுகிற நாள் வரை கூடவே நின்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு மலைப்பயிர் ஆய்வகமும், அதற்கு மேட்டில் ஒரு மாணவியர் விடுதியும் கட்டினார்கள். அங்கே நடந்தவைதான் இவை. ஏதாவது ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மதியம் யாரும் கூப்பிடாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள்.

வேலைக்கு வைத்த பேர்

என் வேலைக்கு 'கமிஷனிங்' என்று பேர். இந்தப் பேரை வைத்த மகராசன் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். நிலத்தைப் பார்க்க முதல் தடவை போனபோது, பக்கத்துக் காட்டில் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், யார், எவர், எந்த ஊர் என்று விசாரித்தார். நாமக்கல் என்றேன். "என்ன வேலைங்க அம்மிணி?" என்றார். யோசிக்காமல், "இந்தக் கட்டிடத்துக்கு கமிஷனிங் பண்றதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கொடியை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எல்லாரும் வாங்குறதுதானுங்க. ஆனா இப்புடி வாயத் தொறந்து சொல்றவங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்."

டிராயிங்கில் இல்லாத காற்று

வரைபடத்தைப் பார்த்த அன்றே ஒரு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். மண்ணைச் சோதிக்க ஆசிட் கொதிக்க வைப்பார்கள். அந்த ஆவியை உறிஞ்சி மேலே தள்ள ஒரு கண்ணாடிக் கூண்டும், கூரையில் ஒரு புகைபோக்கியும் உண்டு. ஆய்வகம் பள்ளத்தில் இருக்கிறது, விடுதி மேட்டில். அதனால் புகைபோக்கியின் வாயும் விடுதி முதல் மாடி ஜன்னலும் நேருக்கு நேர் வருகின்றன. புளியஞ்சோலைப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பகல் முழுக்கக் காற்று மேட்டைப் பார்த்து ஏறும்.

சென்னையிலிருந்து வந்திருந்த கட்டிடக்கலைஞர் நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். புகைபோக்கியை உயர்த்தினால் முகப்பு அழகு போய்விடும் என்றார். அந்த அறையில் படுத்துத் தூங்கப்போகிற பெண்ணின் நுரையீரல் போய்விடும் என்றேன் நான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று டீ குடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில், கட்டி முடித்தபின் புகைவிட்டுச் சோதித்து, அதில் தேறினால்தான் ஆய்வகத்தைத் திறக்கலாம் என்று ஒரு நிபந்தனையை எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தோம். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "மேடம், சுவர் எங்க நிக்கணும்னு நான் சொல்லலாம். காத்து எங்க போகணும்னு என் டிராயிங்ல எப்படிப் போடுறது?"

கொண்டை ஊசி வளைவில்

ஜெனரேட்டர் மலையேறிய அன்று லாரிக்குப் பின்னால் ஜீப்பில் நானும் கான்ட்ராக்டர் கந்தசாமியும். அவர் ராசிபுரத்துக்காரர், நல்ல வேலைக்காரர், என்னைக் கண்டால் மட்டும் அவருக்குத் தலைவலி வரும். எங்களுக்குப் பின்னால் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஒரு பஸ்.

ஒரு வளைவில் லாரியால் ஒரே வீச்சில் திரும்ப முடியவில்லை. டிரைவர் பின்னால் எடுத்தார். அப்போது மேலே கட்டியிருந்த சங்கிலி படாரென்று அறுந்தது. ஜெனரேட்டர் பள்ளத்தைப் பார்த்துச் சரிய, லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிளீனர் பாய்ந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "யாரும் பின்னால நிக்காதீங்க, தள்ளிப் போங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் இருந்த ஆண்கள் இறங்கி வந்து கயிற்றைப் போட்டு, ரோட்டோர மரத்தோடு ஜெனரேட்டரை இழுத்துக் கட்டினார்கள். அடிவாரத்திலிருந்து வேறு சங்கிலி வந்து சேரும் வரை கந்தசாமி ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பரிசோதித்தால் டீசல் தொட்டியில் விரிசல். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன், அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் எனக்கு அந்த நாளில் மறக்காதது, பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்ப ஏறிய ஒருவர் சொன்னது: "கரண்டு இல்லீன்னா வெளக்கப் பொருத்திக்குவோமுங்க. மொதல்ல நாங்க ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க?"

பக்கவாட்டு மழை

மலையில் மழை மேலிருந்து கீழே வராது. மேகம் ஜன்னல் வழியாக விருந்தாளி மாதிரி உள்ளே வரும். மழை குறுக்கே அடிக்கும். அதனால் ஜன்னல்களைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிச் சோதித்தேன். வெளியே இரண்டு பேர் தண்ணீர் அடிக்க, உள்ளே நான் டார்ச் லைட்டோடு நின்றேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் கசிந்து, புது பெயிண்ட் மேல் கோடு கோடாக இறங்கி, ஸ்விட்ச் பலகைக்குள் போனது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

அந்தப் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையையும் பெயர்த்து மறுபடி பூச வேண்டும் என்றதும், ஜெனரேட்டருக்குப் பிறகு முதல் தடவையாகக் கந்தசாமி என்னிடம் வாயைத் திறந்தார்: "ஏனுங்க அம்மிணி, மழைக்குக் கூட இல்லாத கோவம் உங்களுக்கு எங்கிருந்துங்க வருது?"

லிஃப்டுக்குள் கந்தசாமி

மெயினை இறக்கிவிட்டுக் கட்டிடம் என்ன செய்கிறது என்று பார்ப்பது எங்கள் பெரிய சோதனை. படிக்கட்டு விளக்குகள் உடனே எரிய வேண்டும்; ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும்; லிஃப்ட் தன் சொந்த பேட்டரியில் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும். "லிஃப்டுக்குள்ள மணல் மூட்டை வெச்சுச் சோதிக்கலாம்" என்றேன். கந்தசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூட்டை எதுக்குங்க? நான் போட்ட லிஃப்டு, நானே ஏறுறேன்" என்று உள்ளே போய்விட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கதவு மூடியது; லிஃப்ட் கிளம்பிவிட்டது. அதே நேரம், எங்களை முந்திக்கொண்டு ஊர்க் கரண்டும் போனது.

படிக்கட்டு விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர் உறுமிவிட்டு நின்றது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கியது. பேட்டரி வந்திருந்தது, அதற்கு ஒயர் கொடுக்கத்தான் மறந்திருந்தார்கள். உள்ளேயிருந்து முதலில் தட்டும் சத்தம், பிறகு கூப்பிடும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சர்க்கரை வியாதிக்காரர் அவர். "அண்ணா, பேசிக்கிட்டே இருங்க!" என்று கதவில் வாய் வைத்துக் கத்தினேன். மேலே மோட்டார் அறையில் லிஃப்ட் மெக்கானிக் கையால் சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தபோது உள்ளேயிருந்து ஈனக் குரல் வந்தது: "அம்மிணி, பெயிலுன்னே எழுதிக்குங்க. என்னைய மட்டும் வெளிய உட்ருங்க."

யாரும் இல்லாத விடுதி

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. அமைச்சர் வருகிறார். வாழை மரம் கட்டி, நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. மாணவிகளைக்கூட 'தற்காலிகமாக' விடுதியில் குடியேற்றிவிட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, புகைச் சோதனையைத் தவிர. அதை விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்றார் ஆய்வகத்தின் டைரக்டர் அம்மா. நிபந்தனையை எடுத்துக் காட்டினேன். சரி என்று அரைமனதாகச் சொன்னார்.

பல்கலைக்கழகத்தின் தள என்ஜினியர் அருள்தாஸ் சார் நாகர்கோவில்காரர்; மலைக்கு மாற்றலாகி வந்தவர். விடுதி காலியாக இருக்க வேண்டும் என்று அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். மாணவிகள் தினை வயலுக்குப் போய்விட்டார்கள், ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாயிற்று என்று காவலாளி வந்து சொன்னார். சோதனைக்கென்று வருகிற புகைக்குச்சியைக் கூண்டுக்குள் கொளுத்திவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.

புகைபோக்கியின் வாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்பிய புகை ஒரு கணம் நின்றது. பிறகு படுத்தவாக்கில் நேராக விடுதிக்குப் போய், திறந்திருந்த ஜன்னல்களுக்குள் புகுந்தது. நான் பயந்தது அப்படியே நடந்தது. அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தபோது, அந்த ஜன்னல் ஒன்றிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

உள்ளே போய்க் குச்சியைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு விடுதிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அருள்தாஸ் சார் ஓடினார். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கிய ஒரு பெண், கதவு தட்டியதே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறாள். புகையில் விழித்து, பக்கத்தில் இருந்த பின் படிக்கட்டில் இறங்கி வந்திருக்கிறாள். அங்கே அவசரக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு. பெண்பிள்ளைகள் இருக்கும் இடம், பாதுகாப்புக்காகப் பூட்டியதாம். சாவி காவலாளியிடம், அவர் சாப்பிடப் போய்விட்டார். உள்ளேயிருந்து அவள் இரண்டு கையாலும் கதவை அறைகிற சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அருள்தாஸ் சார் அங்கே கிடந்த ஒரு கம்பியை எடுத்துப் பூட்டை நெம்பினார். முதலில் வழுக்கியது. மறுபடி நெம்பியதில் கொண்டியோடு பிய்ந்து வந்தது.

அவளைப் படியில் உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தோம். பெயர் மலர்க்கொடி. "பயப்படாத கண்ணு, இது வெறும் சோதனைப் புகைதான், ஒண்ணும் பண்ணாது" என்று முதுகைத் தடவினேன். மூச்சு சீரானதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்போ நிஜ ஆசிட் புகை வர்றன்னிக்கு யாரு மேடம் வந்து பூட்ட உடைப்பாங்க?"

கையெழுத்து

டைரக்டர் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார். இருந்தும் அறைக்குள் போனதும், "சிறு வேலைகள் பாக்கின்னு எழுதிடுங்களேன். விழா முடிஞ்ச மறுநாளே சரி பண்ணிடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து காலை முதல் போன் மேல் போன். "இதைச் சிறு வேலைன்னு எழுத எனக்குக் கை வராதுங்க மேடம்" என்றேன். அவர் எழுந்து விடுதிக்குப் போனார். மலர்க்கொடியின் அறையில் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அவர் சேலையிலும் புகை வாடை. "எழுதிக் குடுங்க, மேலிடத்துல நான் பேசிக்கிறேன்" என்றார்.

ஆய்வகத்தைத் திறக்கக் கூடாது, விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அருள்தாஸ் சாரும் போட வேண்டும். அவர் மனைவியும் குழந்தைகளும் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கிறார். "யோசிச்சுப் போடுங்க சார். அமைச்சர் விழா. கோவத்துல உங்கள எங்கயாவது தூக்கி அடிச்சுடப் போறாங்க" என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றி, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏற்கெனவே மலை உச்சியிலதான இருக்கேன் மேடம். இதுக்கு மேல எங்க தூக்கி அடிப்பாங்க?"

மறுபடியும் புகை

விழா தள்ளிப்போனது. வாழை மரங்கள் வாடிக் கருகின. புகைபோக்கியை விடுதிக் கூரையையும் தாண்டி உயர்த்தி, தூர மூலைக்கு மாற்றினார்கள். பின் கதவில் பூட்டுக்கு இடமில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், அலாரம் அடிக்கும். லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்கெனவே தேறியிருந்தன. அருள்தாஸ் சாருக்கு மாற்றல் மட்டும் வரவில்லை. மறுபடி சோதனை வைத்த அன்று அறை அறையாக நானே போய்ப் பார்த்தேன். மலர்க்கொடி கீழே முற்றத்தில் என் பக்கத்தில் நின்றாள்.

புகை எழுந்தது. காற்று வந்தது. புகை கூரைக்கு மேலே நெடுந்தூரம் ஏறி, அங்கே கலைந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மலர்க்கொடி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பின்னால் நின்ற கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "பொகை போயிருச்சுங்க அம்மிணி… நீங்க எப்பங்க போவீங்க?"

எங்கள் தொழிலில் வேலை சரியாக நடந்தது என்பதற்கு ஒரே அடையாளம், அந்தக் கட்டிடத்தில் அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான். ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து மாலை போடப்போகிறார்கள்?